சொல்லருகே நிற்கும் மனிதன்

சீனர் நாள்தோறும் எழுதும் எழுத்துகளுள் ‘சின்’ என்பதும் ஒன்று. ஒன்பது கோடுகளால் ஆயது. இடப்புறத்து இரு கோடுகள் மனிதனைக் குறிக்கும். வலப்புறத்து ஏழு கோடுகள் சொல்லைக் குறிக்கும். இவ்விரண்டும் கூடியவழி வாய்மை என்னும் பொருள் தோன்றுகிறது என்பது, கி.பி. 100-இல் சூ சென் தொகுத்து முடித்த அகராதியின் விளக்கம். மனிதவுறுப்பு ஒலிக்காகவும் சேர்ந்தது என்பர் இக்கால ஆய்வாளர்.

நம்புதல், நம்பகம், கடிதம் ஆகிய மூன்றையும் இவ்வோர் எழுத்தே சுட்டும். வணிகரின் நாணயம் ‘சின்யோங்’. மயக்கத்தைக் குறிக்கும் எழுத்து முன்வரின் ‘மீசின்’, அதாவது மூடநம்பிக்கை. சிங்கப்பூர் 1969-இல் எளிய எழுத்து வடிவங்களை ஏற்கத் தொடங்கியபோது பல எழுத்துகள் உருக்குறைந்தன. ‘சொல்’ என்னும் உறுப்பும் இடப்புறம் நிற்குமிடங்களில் இரு கோடுகளாய்ச் சுருங்கிற்று. ‘சின்’ எழுத்திலோ அது வலப்புறம் நின்றமையால் சிறிதும் குறையவில்லை. கற்பிக்கும் ஆசிரியர்க்கு இஃதொரு நல்வாய்ப்பு!

பொருளைக் கற்பித்தல் இத்துணை எளிதன்று. நாட்டுக்கு உணவு, படை, மக்களின் நம்பிக்கை என்னும் மூன்றனுள் கைவிட நேரின் முதலிற் படையையும் அடுத்து உணவையும் விடலாம், நம்பிக்கையை விடலாகாது என்பது கன்பூசியசின் கருத்து. அங்ஙனமாயின் உயிரினும் சொல் பெரிதோ? வெய்செங் என்பான் கதை இவ்வினாவை எழுப்புகிறது. பாலத்தின் கீழ்ச் சந்திப்பதாக ஒரு பெண்ணுக்கு அவன் வாக்களித்தான். அவள் வரவில்லை, வெள்ளம் வந்தது. அவன் தூணைத் தழுவியவாறே நின்று மாண்டான். அவனை ‘சின்’ பண்பின் உருவமெனப் போற்றினோர் உளர். சுவாங் ட்சு நூலில் வரும் கொள்ளையனோ, பெயருக்காக உயிரைத் துச்சமாக்கியவன் என இகழ்கிறான்.

கன்பூசியசே, சொன்னதை எவ்வாறேனும் முடிப்பேன் என்று பிடிவாதம் கொள்வோரை உயர்ந்தோர் வரிசையிற் சேர்க்கவில்லை. அறம் இருக்கும் பக்கமே சான்றோன் நிற்பான், சொல்லை அதன்பின் வைப்பான் என்பது மென்சியசின் துணிபு. வாய்மையைத் தீங்கின்மையால் அளந்த வள்ளுவரும் இவர்க்கு அயலார் அல்லர்.

எனினும் மென்சியசின் வழியில் இடரொன்று உண்டு. தன் நலத்துக்காக வாக்கை மீறுவோன் எவனும் ‘அறம்’ என்னும் பெயரைத் துணைக்கு அழைப்பான். அத்தகையோனைவிட வெய்செங் ஆயிரம் மடங்கு மேலானவன். அவனை நகைத்தல் தகாது. ஆயினும் அவன் வாக்களித்தது அப்பெண்ணுக்கே அன்றித் தூணுக்கு அன்று. பாலத்தின் மேலேறிக் காத்திருப்பினும் அவன் காத்திருந்தவனே. அவள் வந்திருந்தால் அவனைக் கண்டிருப்பாள்.