கர்ணனின் கடைசி ரீல்

2012 மார்ச்சில், ‘கர்ணன்’ படத்துக்கு என் அப்புச்சியை, அதாவது அம்மாவின் அப்பாவை, கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனேன். 1964 பொங்கலுக்கு பி.ஆர். பந்துலு தந்த படம். படத்தையும் ஒலியையும் புதுப்பித்து மறுபடி திரைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். சென்னையில் அது நூறு நாளைத் தாண்டி ஓடியது.

எங்கள் ஊர் கிணத்துக்கடவிலிருந்து அப்போது ரயில் கிடையாது, அகலப் பாதை வேலை நடந்துகொண்டிருந்தது. பஸ்தான். கோவை நெருங்கும்போது சாமிக்கண்ணு வின்சென்ட் நினைவு வந்தது. திருச்சியில் ரயில்வே வரைவாளராக இருந்தவர், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்தார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். நம்மூர் டூரிங் கொட்டாய்களுக்கெல்லாம் அவர்தான் முப்பாட்டன் என்பேன்.

அப்புச்சி ‘கர்ணன்’ பார்த்ததும் கொட்டாயில்தான். தரை டிக்கெட். முன்னால் இருப்பவர் தலை மறைக்காமலிருக்க மணலைக் குவித்து, அதன்மேல் உட்காருவார்களாம். கொட்டாயில் ஒரே புரொஜெக்டர். ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போட்டாக வேண்டும். ஒரு படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளை! முறுக்குக்காரருக்கு நல்ல வியாபாரம்.

இங்கே தியேட்டரில் இடைவேளை முடிந்து அரை மணி ஆனதும், அப்புச்சி என் கையைத் தொட்டார்.

“அடுத்த இடைவேளை எப்பக் கண்ணு?”

“இனி இல்லீங் அப்புச்சி. ஒரே மூச்சாப் போயிரும்.”

அதன்பிறகு அவர் பேசவில்லை. தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்தது. வீட்டில் டிவியில் அந்தக் காட்சி வரும்போது நான் போன் பேசியிருக்கிறேன், சோறு தின்றிருக்கிறேன். இங்கே அம்பு தைத்த சிவாஜியின் முகம் சுவர் அகலத்துக்கு நிற்கிறது. சீர்காழி கோவிந்தராஜனின் குரல் எழும்பியதும், முடிவு தெரிந்த அத்தனை பேரும் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புச்சி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது, பஸ் ஈச்சனாரி தாண்டியதும்தான் வாய் திறந்தார். அவரும் என் அம்மிச்சியும் கொட்டாயில் மூன்று தரம் பார்த்தார்களாம். மூன்று தரமும் கடைசி ரீல் மாற்ற விளக்குப் போட்டவுடன், அம்மிச்சி எழுந்துவிடுவாராம். ‘அவன் சாவறத நான் பாக்க மாட்டேன்’ என்று ஒரே பிடிவாதம். இருட்டில் தனியாக அனுப்ப முடியுமா? இவரும் கூடவே கிளம்பிவிடுவார். அம்மிச்சி போன பிறகும், டிவியில் அந்தக் கட்டம் வந்தால் இவர் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார். எனக்கு அதன் காரணம் அன்றுதான் விளங்கியது.

“இங்க எந்திரிச்சுப் போறதுக்கு எடமே குடுக்கலியே சாமி” என்றார்.

எங்கள் ஊர்ப் பொன்மலைக் கோயில் விளக்குத் தெரிந்தது. இறங்குவதற்காகத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.