துடுப்பில் வைத்த காது

மட்டக்களப்பு வாவியின் பாட்டைக் கேட்க விரும்புகிறவர்கள் நிலவு இரவில் கல்லடிப் பாலத்தருகே தோணியில் போவார்கள். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு, மறுமுனையில் காதை வைப்பார்கள். 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்டும் தோணியில் இருந்துதான் அதைக் கேட்டு எழுதிவைத்தார். பாடுவது மீனா, ஊரி என்னும் நத்தையா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. மிக மெல்லிய ஒலி அது. பக்கத்தில் ஓர் இயந்திரப் படகு ஓடினால் கேட்காது.

சிற்றலையில் காது கொடுத்திருக்கும் ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்காரரின் நிலையும் இதுதான். எங்கோ ஒருவர் பற்றரியில், சில வாட் வலுவில் அழைப்பார். அந்தக் குரலை மூடிவிடப் பக்கத்து அலைவரிசையில் கெட்டுப்போன ஒரு பெருக்கி போதும்.

பெருக்கியின் வேலை, வந்த அலையை வடிவம் மாறாமல் பெரிதாக்குவது. தாங்கும் அளவுக்கு மேல் மைக்கைக் கூட்டினால் அலையின் உச்சி தட்டையாகிவிடும். திருவிழா ஒலிபெருக்கி கரகரப்பதும் இதனால்தான். ஆனால் அந்தக் கரகரப்பு ஊர் எல்லையோடு நின்றுவிடும். வானலையில் நடப்பது வேறு. குரலின் அதிர்வெண்கள் பெருக்கிக்குள் ஒன்றோடொன்று கலந்து, பேசியவர் பேசாத புதிய அதிர்வெண்களைப் பிறப்பிக்கின்றன. 3 கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கவேண்டிய பேச்சு இருபுறமும் வழிகிறது. வலுவை 1 டெசிபல் கூட்டினால் இந்த வழிசலின் முதன்மையான பகுதி 3 டெசிபல் கூடும். அனுப்புகிறவருக்கு இது கேட்பதில்லை. அவர் பேசும்போது அவருடைய வாங்கி ஊமையாக இருக்கிறது. துன்பம் முழுவதும் அயலவருக்கே.

சட்டம் என்ன செய்தது? 1978இல் அமெரிக்கா, 24 முதல் 35 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கக்கூடிய பெருக்கிகளின் விற்பனையைத் தடுத்தது. 27 மெகாஹெர்ட்ஸில் பேசிய பொதுமக்கள் அவற்றைத் தவறாகப் பூட்டியதே காரணம். ஒழுங்காக நடந்த ஹாம் வானொலிக்காரர்களும் அதனால் அவற்றை இழந்தார்கள். வாட் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. தொலைவில் விழும் போலி அலைகளுக்கும் டெசிபல் கணக்கு உண்டு. பக்கத்திலேயே விழும் வழிசலோ பெரும்பாலும் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. இதுவே பெரிய ஓட்டை என்பது என் தீர்ப்பு. தூய்மையான 1000 வாட்டைவிட அழுக்கான 100 வாட் அயலவருக்கு அதிகக் கேடு செய்யக்கூடும்.

2004 டிசம்பர் 26இல் சுனாமியாய்க் கடல் நாவலடி மணல்மேட்டைத் தாண்டி வாவிக்குள் விழுந்ததை நாங்கள் மறக்கவில்லை. தெற்கே அம்பாந்தோட்டையில் தொலைபேசி செத்துக் கிடந்தபோது, ஹாம் வானொலிக்காரர் விக்டர் குணதிலக்கவும் இலங்கை வானொலிச் சங்கத்தாரும் அந்த ஊரைச் சிற்றலையில் கொழும்போடு இணைத்தார்கள். அந்தமானில் பாரதி பிரசாத் அதே பணியைச் செய்தார். எங்கள் வட்டாரத்தில் பேரிடர் அழைப்புக்கென 7110 கிலோஹெர்ட்ஸ் குறிக்கப்பட்டிருக்கிறது. 7107இல் ஒருவர் வழிந்துகொண்டிருந்தால் அங்கே வரும் அழைப்பு யாருக்கும் எட்டாது.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு வாட்டோடு அலையின் அகலத்தையும் அளக்க வேண்டும். பெருக்கி வைத்திருப்பவர்களே, அயலூர் நண்பர் ஒருவரைக் கேட்கச் சொல்லி உங்கள் குரலின் அகலத்தை இன்றே அறிந்துகொள்ளுங்கள். அகலமாக இருக்கிறது என்று அவர் சொன்னால், மைக்கைக் குறையுங்கள்.