மூலையில் ஒரு பச்சைச் சின்னம்

என் கணினித் திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், ஒரு பச்சைச் சின்னம் இருக்கும். கோப்புகளைப் பிரதியெடுத்து வைக்கும் மென்பொருளுடையது. பச்சை என்றால் எல்லாம் பத்திரம். அதை நம்பித்தான் போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பின் பழைய வரைவை அழித்தேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். பிரதிதான் இருக்கிறதே!

இரண்டு நாள் கழித்து மௌஸ் தற்செயலாக அந்தப் பக்கம் போனது. சின்னம் பொசுக்கென்று மறைந்தது. மென்பொருள் எப்போதோ செத்துப்போயிருந்தது. பிரதியும் இல்லை, வரைவும் இல்லை.

இது ஏன் நடக்கிறது என்று தேடிப் படித்தேன். விண்டோஸ் 95 காலத்திலிருந்தே ஏற்பாடு இதுதான்: சின்னத்தை வைக்கவேண்டியதும் மென்பொருள், எடுக்கவேண்டியதும் அதே மென்பொருள். திடீரென்று செத்தால் யார் எடுப்பது? மௌஸ் மேலே படும்போதுதான் விண்டோஸ் உரியவரைக் கூப்பிட்டுப் பார்க்கிறது. பதில் சொல்ல ஆளில்லை என்றால் சின்னத்தை நீக்குகிறது. அதுவரை பச்சைதான்.

நேரெதிரானதும் உண்டு. பணிப்பட்டையே ஒருமுறை விழுந்து எழுந்தால், எல்லா மென்பொருள்களுக்கும் அறிவிப்பு போகும். அதைக் காதில் வாங்காதவை தங்கள் சின்னத்தைத் திரும்ப வைப்பதில்லை. உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவது வகை இன்னும் விசேஷம். பெருக்கல் குறியை அழுத்தினால் சில மென்பொருள்கள் நிஜமாகவே மூடிக்கொள்ளும். சில, போவதுபோல் போய் மூலையில் உட்கார்ந்துகொள்ளும்.

இவற்றில் எது பொய்? மூன்றாவதைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. போகச் சொன்னேன், போனதாகக் காட்டியது, போகவில்லை. முதலாவதில்தான் தடுமாறினேன். ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் பொய் என்பார் புனித அகஸ்டின். செத்தவனுக்கு ஏது எண்ணம்? அவர் கணக்கில் என் பச்சைச் சின்னம் நிரபராதி. வள்ளுவரோ வாய்மையைத் தீங்கு தராத சொல் என்கிறார். அந்தக் கணக்கில் அது தப்பமுடியாது. இழந்தவன் என்ற முறையில் நான் வள்ளுவர் பக்கம் சாய்ந்தேன்.

ஆனால் யாரைக் குற்றம் சொல்வது? பதில் ரயில் பாதையில் கிடைத்தது. பழைய கைகாட்டி மரங்களில், இழுக்கும் கம்பி அறுந்துபோனால் கை தானாகவே 'நில்' என்ற நிலைக்கு வந்துவிடும். 'போகலாம்' என்று சொல்ல ஒருவர் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். பிடி விட்டுப்போனால் அனுமதியும் போய்விடும். அதை அமைத்தவர்கள், கம்பி ஒருநாள் அறும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டவர்கள்.

உண்மை பேசுவது வாயோடு முடிகிற காரியம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை போலிருக்கிறது. நம் பேச்சை நம்பி இன்னொருவர் எதையாவது கைவிடப்போகிறார் என்றால், நாம் இல்லாமல் போகும்போது அந்தப் பேச்சும் கூடவே போக ஏற்பாடு செய்வது நம் பொறுப்பு. 'நான் பார்த்துக்கறேன்' என்று வீட்டிலும் அலுவலகத்திலும் எத்தனை பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்! அதில் எத்தனை இன்னும் பச்சையாகவே நிற்கின்றனவோ?

என் பங்கும் இதில் இருக்கிறது. இரண்டு நாளும் சின்னத்தைப் பார்த்தேன். ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. இப்போது வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பைப் பிரதியிலிருந்து எடுத்துத் திறந்து பார்க்கிறேன். அந்த வரைவை மறுபடி முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.