நோவுக்குச் சான்று எது?

நோயை அறிவது மருத்துவத்தின் கடமை. நோகின்றவரை அறிவது அதனினும் பெரிய கடமை. இவ்விரண்டும் பிரிந்து நிற்கும் இடங்களுள் ஒன்று முதியோரின் முழங்கால்.

1895-ஆம் ஆண்டில் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்த செருமானிய அறிஞர் ராண்ட்கன், தம் மனைவியாரின் கை எலும்புகளைப் படமெடுத்தார். அன்று தொட்டு உடலைத் திறவாமலே உள்ளே காணும் ஆற்றல் மனிதனுக்கு வாய்த்தது. ஆயினும் மூட்டின் குருத்தெலும்பு அக்கதிர்ப்படத்தில் தெரிவதில்லை. எலும்புகளின் இடைவெளி குறுகியது கண்டு, அது தேய்ந்தது என உய்த்துணர்கிறோம். பின்வந்த எம்.ஆர்.ஐ. கருவி குருத்தெலும்பையே காட்டிற்று. இன்று ஆய்வாளர்கள் மூட்டிலுள்ள மூப்புற்ற உயிரணுக்களையே படத்தில் காண முயல்கின்றனர்.

மனித உயிரணுக்கள் வரம்பின்றிப் பெருகுவதில்லை என்பதை 1961-இல் ஹேஃப்ளிக், மூர்ஹெட் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். பெருகுவதை நிறுத்தியும் மடியாது தங்கும் அணுக்கள், அழற்சியூட்டும் பொருள்களைச் சுரந்து அண்டையிலுள்ளவற்றையும் கெடுக்கின்றன. அவற்றில் மிகுந்து காணப்படும் ஒரு நொதியை அடையாளமாகக் கொண்டு அவற்றைப் படத்தில் துலங்கச் செய்வதே இம்முயற்சி. தேய்வு முற்றுமுன் அதனை அறியலாம் என்பது நோக்கம். இவ்வணுக்களை அகற்றியபோது எலிகளின் காயமுற்ற மூட்டில் தேய்வு தணிந்ததென 2017-இல் வெளியான ஆய்வு கூறியது. ஆனால் அவற்றை அகற்றவென மனிதருக்குத் தந்து பார்த்த ஒரு மருந்து, 2020-இல் வந்த முடிவின்படி, போலி மருந்தைக் காட்டிலும் முழங்கால் வலியைக் குறைக்கவில்லை. அணுவுக்கும் நோவுக்கும் இடையே உள்ள தொலைவு இன்னும் கடக்கப்படவில்லை.

அறவினா இங்கேதான் எழுகிறது. படத்தில் தேய்வு மிகுந்திருந்தும் நோவின்றி நடப்பவர் உண்டு; தேய்வு சிறிதாயிருந்தும் எழ இயலாது தவிப்பவரும் உண்டு. பின்னவரிடம் படத்தை நீட்டி, 'உமக்கு ஒன்றுமில்லை' என்பது நீதியாகுமா?

அலுவலகப் பணியில் உள்ள நாம் சான்றிதழுக்குப் பழகியவர்கள். ஓய்வூதியம் பெறுவோர், தாம் உயிரோடிருப்பதற்கே ஆண்டுதோறும் சான்று தருகின்றனர். ஆளைக் காட்டிலும் தாளை நம்பும் அவ்வழக்கம் அலுவலகத்திற்குத் தேவையாகலாம், இல்லத்திற்கு ஆகாது. ஊரையும் உற்றாரையும் விட்டு நம்மோடு வாழ வந்து, மாடிப்படிகளையும் வடநாட்டுக் குளிரையும் தம் முழங்காலால் அளக்கின்ற தாயார் 'நோகிறது' என்றால், அச்சொல்லே முதற்சான்று.

அச்சொல்லை மருத்துவரிடம் இந்தியில் பெயர்த்துரைப்பவரும் நாமே அன்றோ? குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, இழுக்கிறது என அவர் பகுத்துச் சொல்வதையெல்லாம் 'தர்த்' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, மிச்சத்தைப் படம் சொல்லும் என்றிருத்தல் முறையன்று. படக்கலை வளரட்டும், அதன் பயன் எல்லார்க்கும் எய்தட்டும். மூத்த அணு எங்குள்ளது என்பதை அது காட்டும். இரவில் எத்தனை முறை விழித்தார் என்பதை அவரைத்தான் கேட்க வேண்டும்.