தேய்ந்த கப்பல்

1977 மே மாதம் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைக்கு வந்தது. படம் பார்த்துத் திரும்பிய அமெரிக்கப் பிள்ளைகள் கேட்ட வீரர்களும் விண்கலங்களும் எந்தக் கடையிலும் இல்லை. பொம்மை செய்யும் உரிமையைப் பெற்றிருந்த சின்சினாட்டி நகரத்துக் கென்னர் நிறுவனம் இப்படியொரு வெற்றியை எதிர்பார்த்திருக்கவில்லை. அச்சு செய்து, பிளாஸ்டிக் வார்த்து, சாயம் பூசிக் கடைக்கு அனுப்பக் கிறிஸ்துமஸுக்குள் நேரம் போதவில்லை. எனவே அந்தப் பண்டிகைக்கு அது ஓர் அட்டை உறையை விற்றது. உள்ளே பொம்மைகளை நிறுத்துவதற்கான ஓர் அட்டை மேடையும், சில ஸ்டிக்கர்களும், ஒரு சீட்டும் இருந்தன. சீட்டைத் தபாலில் அனுப்பினால் படத்தில் வரும் லூக், லேயா, சூபாக்கா, ஆர்டூ-டிடூ நால்வரும் அடுத்த ஆண்டு வீடு வந்து சேர்வார்கள். வரப்போகிறவர்களுக்கான இடம் மட்டும் இருந்தது, அவர்கள் இல்லை. அப்படியும் பெற்றோர் வாங்கினார்கள், பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

அந்த நால்வரின் உயரத்திலேயே ஒரு முடிவு அடங்கியிருந்தது. ஜி.ஐ. ஜோ போன்ற அந்தக் காலத்துப் பொம்மை வீரர்கள் ஓர் அடி உயரம் இருந்தார்கள். அந்த அளவில் படத்தின் விமானி ஹான் சோலோவைச் செய்தால் அவன் ஓட்டும் மில்லேனியம் ஃபால்கன் என்ற விண்கப்பல் எந்த வீட்டு அறைக்குள்ளும் அடங்காது. ஆகவே கென்னர் மனிதர்களைப் பத்து சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவாகச் சுருக்கியது. கப்பலுக்குள் ஏற்றி உட்கார வைக்க முடிய வேண்டும் என்பதற்காகவே ஆட்கள் சிறியவர்கள் ஆனார்கள். 1979இல் ஃபால்கன் வந்தபோது அந்தக் கணக்கின் அருமை புரிந்தது.

கறாராக அளந்தால் அதுவும் பொருந்தாது. கதைப்படி ஃபால்கனின் நீளம் 34 மீட்டருக்கும் மேல். அந்தச் சிறிய உருவங்களின் விகிதத்தில் செய்திருந்தால்கூடப் பொம்மை இரண்டு மீட்டரை நெருங்கியிருக்கும். கடைக்கு வந்ததோ அரை மீட்டரை ஒட்டிய ஒன்று. ஆனால் அதில் ஒரு பிள்ளைக்கு வேண்டியவை எல்லாம் இருந்தன. ஓட்டுநர் அறையின் மூடியைத் திறந்து இருவரை உட்கார வைக்கலாம். மேல்தட்டின் ஒரு பகுதியைக் கழற்றினால் உள்ளே சதுரங்க மேசை. தரையில் ஒளிந்துகொள்ள ஒரு ரகசியக் குழி. லூக் வாள் பழக நூலில் தொங்கும் ஒரு சின்னப் பந்து. வெளியே பீரங்கியைத் திருப்பினால் உள்ளே இருக்கும் ஆளும் இருக்கையோடு சேர்ந்து சுழல்வான். பேட்டரி போட்டால் ஒலி எழும்பும். கை நுழையவும் விரல் தேடவும் இடம் விட்டுச் செய்யப்பட்ட பொருள் அது. தொடப்படுவதற்காகவே அதன் ஒவ்வொரு கீலும் வைக்கப்பட்டிருந்தது.

திரையில் தோன்றிய மூலக் கப்பலின் பிறப்பும் இதற்குத் தொலைவில் இல்லை. அதுவரை திரைப்பட விண்கலங்கள் பெரும்பாலும் பளபளப்பாக, நேற்றுத்தான் பட்டறையை விட்டு வந்தவை போல இருந்தன. படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் கேட்டது வேறு. பலர் வாழ்ந்து பழகிய, கறை படிந்த ஓர் அண்டம் அவருக்கு வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவின் வான் நைஸ் பகுதியில் அவர் அமைத்த இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் கூடத்தில் மாதிரி செய்யும் கலைஞர்கள் கடைகளில் விற்கும் டாங்கி, விமான, கார் மாடல் கிட்டுகளை வாங்கிக் குவித்தார்கள். அவற்றின் துண்டுகளைப் பொறுக்கி, ஏறத்தாழ ஐந்தடி நீள மாதிரிக் கப்பலின் மேனியெங்கும் ஒட்டினார்கள். பிள்ளைகளும் பொழுதுபோக்காளர்களும் மேசையில் ஒட்டி மகிழும் அதே துண்டுகள்தான் ஃபால்கனின் குழாய்களும் இயந்திரங்களும் ஆயின. பிறகு அதன்மேல் எண்ணெய்க் கறையும் கரியும் தீட்டினார்கள். அடிபட்ட தடங்களை உண்டாக்கினார்கள். கதையிலும் லூக் முதல் பார்வையில் அதைக் குப்பை என்கிறான். ஹான் சோலோ அதன் வேகத்தையும் தன் கையால் செய்த மாற்றங்களையும் சொல்லித் தலை நிமிர்கிறான். 1980இல் வந்த அடுத்த படத்தில் தப்பிக்க வேண்டிய நேரமெல்லாம் அதன் முக்கிய இயந்திரம் கைவிடுகிறது. ஆனாலும் உலகம் அந்தக் கப்பலைத்தான் நேசித்தது. அதன் ஒவ்வொரு கீறலும் அது எங்கோ போய்த் திரும்பியிருக்கிறது என்று சொன்னது.

திரைக் கலைஞர்கள் தூரிகையால் தீட்டிய அந்தப் பழமையைப் பொம்மைக்குப் பிள்ளைகள் தங்கள் கையால் கொடுத்தார்கள். புதிதாக வந்த வெளிர்ச் சாம்பல் நிறத்தில் மண் ஏறியது. ஸ்டிக்கர்களின் ஓரம் சுருண்டது. கீல் தளர்ந்தது. சின்னப் பாகங்கள் தொலைந்தன. பழைய ஃபால்கனை வாங்குவோர் முதலில் தேடுவது அந்தப் பயிற்சிப் பந்து இருக்கிறதா, பீரங்கி இருக்கிறதா, தரையிறங்கும் கால்கள் எல்லாம் இருக்கின்றனவா என்றுதான். விற்பனைப் பட்டியலில் இந்த இழப்புகள் குறைகள். எனக்கு அவை சாட்சியங்கள். தோட்டத்துக்கும், அடுத்த வீட்டுக்கும், காய்ச்சலில் படுத்திருந்த கட்டிலுக்கும் கூடவே போன பொம்மையிலிருந்துதான் பாகம் உதிரும்.

இன்று அந்தப் பொம்மைக்கு விலைப்படிகள் இருக்கின்றன. விளையாடித் தேய்ந்ததற்கு ஒரு விலை. எல்லாப் பாகமும் சேர்ந்திருந்தால் அதைவிடக் கூடுதல். பெட்டி திறக்கப்படாமலே இருந்தால் பல மடங்கு. அப்படிப்பட்ட பெட்டிகளுக்குத் தர மதிப்பெண் வழங்கி, கண்ணாடி போன்ற அக்ரிலிக் உறைக்குள் இடுகிறார்கள். சேகரிப்போரின் அன்பை நான் குறைத்து மதிக்கவில்லை. நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டரில் உள்ள தேசியப் பொம்மைப் புகழ்க்கூடம் 2012இல் ஸ்டார் வார்ஸ் உருவங்களைத் தன் வரிசையில் சேர்த்துக்கொண்டது. ஒரு தலைமுறையின் குழந்தைப் பருவம் எப்படி இருந்தது என்று பின்னால் வருவோர் அறிய, சில பிரதிகள் பழுதின்றி இருப்பதும் தேவைதான்.

ஆனால் அந்தப் பெட்டியின் மதிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். 1979இல் கடையில் அடுக்கியிருந்தபோது எல்லாப் பெட்டிகளும் ஒன்றுதான். மற்ற பிள்ளைகள் தங்கள் பெட்டிகளைக் கிழித்தெறிந்ததால்தான் கிழிக்கப்படாதது அரிதானது. எல்லோரும் பத்திரப்படுத்தியிருந்தால் அது கிடங்கில் தேங்கிய சரக்கு, அவ்வளவுதான். இன்னும் ஒன்று: இன்று அதற்குப் பெரும்பணம் கொடுக்கிறவரைத் தூண்டும் ஆசை எங்கே பிறந்தது? எப்போதோ ஒரு தரையில், ஒரு கப்பலைக் கையில் ஏந்தி ஓடிய ஓட்டத்தில். விளையாடப்படாத பொம்மை, விளையாடப்பட்ட பொம்மைகளிடம் கடன் வாங்கித்தான் விலைமதிப்பற்றதாகிறது. அதற்கென்று சொந்தமாக ஒரு நினைவும் கிடையாது. 1977இன் உறையில் பொம்மை இல்லாமலே விளையாட்டு தொடங்கிவிட்டிருந்தது. மூடியே கிடக்கும் பெட்டியில் பொம்மை முழுதாக இருக்கிறது, விளையாட்டு இன்னும் தொடங்கவே இல்லை.

மூடி வைத்ததால் காலம் உள்ளே நுழையாமல் இருந்ததும் இல்லை. பழைய பொம்மைகளின் தெளிந்த பிளாஸ்டிக் யாரும் தொடாமலே மஞ்சளாகிறது. அட்டை நிறம் இழக்கிறது. நல்ல நாளுக்கு என்று பெட்டியில் மடித்து வைத்த பட்டுச்சேலை உடுத்தாமலே மடிப்பில் இற்றுப்போவதை நம் வீடுகள் அறியும். தேய்மானம் எப்படியும் வரும். அது ஒரு கையின் வழியாக வருகிறதா, யாருடைய கையும் படாமல் வருகிறதா என்பதை மட்டுமே நாம் தேர்ந்துகொள்ள முடியும்.

இந்த உண்மை பொம்மையோடு நிற்பதில்லை. நமக்குக் கிடைத்த குரல், உடல் வலிமை, கற்ற தொழில், பிறர்மேல் நமக்குள்ள பாசம் எல்லாவற்றையும் உரிய தருணம் வரட்டும் என்று எடுத்து வைக்கப் பழகியிருக்கிறோம். சொல்ல வேண்டிய அன்பைப் பிறகு சொல்லலாம் என்கிறோம். செலவழித்தால் குறையும் என்ற அச்சம் நமக்கு. ஆனால் நாற்பது ஆண்டு கரும்பலகை முன் நின்ற ஆசிரியரின் கரகரத்த தொண்டையிலும், பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவளின் வலிக்கும் முதுகிலும், தறியில் அமர்ந்தவரின் காய்த்த விரல்களிலும் நாம் காண்பது குறைவையா? அவர்கள் இழந்தது ஒவ்வொன்றும் இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்தக் குரல் ஆயிரம் பேரின் எழுத்தாகியிருக்கிறது. அந்த வலிமை ஒரு பிள்ளையின் நடையாகியிருக்கிறது.

புதிதாகவே இருப்பது எந்தப் பொருளுக்கும் பெருமை ஆகாது. அதற்கு இன்னும் எதுவும் நேரவில்லை என்பதே அதன் பொருள். நாம் பத்திரப்படுத்தியதை என்றாவது வேறொருவர் விலை பேசி எடுத்துச் செல்வார். மனம் நிறைந்து செலவழித்ததை யாராலும் நம்மிடமிருந்து வாங்க முடியாது. தேய்ந்து போவோம் என்பது உறுதி. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: யாருக்காகத் தேய்ந்தோம்? அதற்கு ஒரு பெயரைச் சொல்ல முடிந்தவரின் வாழ்வு வீண்போகவில்லை.