ஒரே பந்தியில் இரு நம்பிக்கைகள்: ஆங்கிலிக்கன் ஒருமையின் வரலாறு

16ஆம் நூற்றாண்டில் உரோமைத் திருச்சபையிலிருந்து பிரிந்த சபைகளுள் லுத்தரன் சபைக்கு 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையும், சீர்திருத்தச் சபைகளுக்குக் கால்வினின் இறையியலும் அடித்தளமாயின. ஆங்கிலிக்கன் திருச்சபைக்கு அவ்வாறு சுட்டத்தக்க தனி ஆசான் எவருமில்லை. எட்டாம் ஹென்றி மன்னரின் திருமணத்தைச் செல்லாததாக்கப் போப்பாண்டவர் இசையாத நிலையில், 1534ஆம் ஆண்டின் மேலாண்மைச் சட்டம் மன்னரையே இங்கிலாந்துச் சபைக்குத் தலைவராக்கியது. ஆயினும் பிறந்த காரணத்தை மட்டும் கொண்டு ஒரு சபையை மதிப்பிடுவது நியாயமாகாது. ஹென்றி செய்தது பிரிவினை, அதற்கு ஆன்மிக வடிவம் தந்தவர் கேன்டர்பரியின் தலைமைப் பேராயர் தாமஸ் கிரான்மர்.

மக்கள் தம் தாய்மொழியில் வழிபடுவதற்காகக் கிரான்மரின் தலைமையில் 1549இல் வெளிவந்த பொது ஜெபப் புத்தகத்தில், திருவிருந்தின்போது அப்பத்தை வழங்கும் குருவானவர் அதைக் கிறிஸ்துவின் சரீரம் என்றே சொல்லி, அது பெறுபவரை நித்திய வாழ்வுக்குக் காக்க வேண்டுமென்று ஜெபித்தார். 1552இல் சீர்திருத்தவாதிகளின் செல்வாக்கு ஓங்கியபோது அவ்வாக்கியம் நீக்கப்பட்டு, கிறிஸ்துவின் மரணத்தை நினைவுகூர்ந்து உண்ணுமாறு பணிக்கும் வாக்கியம் அவ்விடத்தைப் பிடித்தது. முன்னது அப்பத்தில் கிறிஸ்து மெய்யாகவே இருக்கிறார் என்று நம்புவோருக்கு உகந்தது. பின்னது அதை நினைவுச் சின்னமாக மட்டும் கொள்வோருக்கு உகந்தது. முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில் வெளியான 1559ஆம் ஆண்டுப் பதிப்பு இவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்காமல், இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து வைத்தது. இதை வெறும் அரசியல் தந்திரம் என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. ஆனால் கருத்தில் ஒன்றுபடாதவர்களும் ஒரே பந்தியில் முழந்தாளிட முடியும் என்ற துணிவு அதில் இருந்தது. ஆங்கிலிக்கன் மரபின் உயிர்நாடி அதுவே.

அந்தத் துணிவுக்குப் பின்னால் சட்டத்தின் கடுமையும் நின்றது என்பதை மறைக்க இயலாது. 1559ஆம் ஆண்டின் ஒருசீர்மைச் சட்டம் ஞாயிறு வழிபாட்டுக்கு வராதவர்களுக்குப் பன்னிரண்டு பென்சு தண்டம் விதித்தது. 1660க்கும் 1662க்கும் இடையே, மன்னராட்சி மீண்டபின் வந்த புதிய ஒழுங்குக்கு உட்படாத ஏறத்தாழ 2,000 போதகர்கள் தம் பணியிடங்களை இழந்தனர். ரிச்சர்ட் ஹூக்கர் 1593 முதல் வெளியிட்ட திருச்சபை ஆட்சிமுறை பற்றிய நூலில் வேதாகமத்தோடு பகுத்தறிவுக்கும் சபை மரபுக்கும் உரிய இடத்தை அளித்து, இம்மரபுக்குச் சிந்தனைப் பின்புலம் அமைத்தார். எனினும் அரசின் கை விலகிய பிறகும் இவ்வொருமை நிற்குமா என்ற கேள்விக்கு விடை கடல்கடந்த நாடுகளில்தான் கிடைத்தது. அமெரிக்கா விடுதலை பெற்றபின் சாமுவேல் சீபரி, பிரித்தானிய மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய இயலாததால் இங்கிலாந்தில் பேராயராக அபிஷேகம் பெற முடியாமல், 1784இல் அபர்டீன் நகரில், அரசின் ஆதரவற்ற ஸ்காட்லாந்துப் பேராயர்களிடம் அதைப் பெற்றார். மன்னரில்லாமலும் பேராயர் மரபு தொடரும் என்பது அன்று உறுதியாயிற்று. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பேராயர் கொலென்சோவின் வேதாகம ஆராய்ச்சி எழுப்பிய பிணக்கின் நடுவே 1867இல் பல நாட்டு ஆங்கிலிக்கன் பேராயர்களின் முதல் லாம்பெத் மாநாடு கூடியபோதும், அது சட்டமியற்றும் மன்றமாகாது, கலந்தாலோசிக்கும் கூட்டமாகவே இருக்கும் என்ற உறுதியின்பேரிலேயே கூட்டப்பட்டது. 1888ஆம் ஆண்டு மாநாடு வேதாகமம், விசுவாசப் பிரமாணங்கள், ஞானஸ்நானமும் திருவிருந்தும், வரலாற்றுவழிப் பேராயர் பணி ஆகிய நான்கையும் திருச்சபை ஐக்கியத்தின் அடிப்படையாக ஏற்றது.

இவற்றுள் நான்காவது எவ்வளவு இறுக்கமானது என்பதைத் தென்னிந்தியாவே சோதித்துப் பார்த்தது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, 1912இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா முனைந்து உழைத்த, ஆங்கிலிக்கன் சபையும் பிற புராட்டஸ்டன்டு சபைகளும் ஒன்றாகும் ஐக்கியம், அவர் மறைந்தபின் 1947 செப்டம்பர் 27இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் நிறைவேறியது. பேராயரின் கைவைப்பின்றிக் குருப்பட்டம் பெற்றிருந்த போதகர்களை மறு அபிஷேகமின்றி ஏற்றுக்கொண்டதால், புதிய தென்னிந்தியத் திருச்சபையோடு முழு உறவு கொள்ள 1948ஆம் ஆண்டு லாம்பெத் மாநாடு தயங்கியது. இன்று அச்சபை ஆங்கிலிக்கன் ஐக்கியத்தின் உறுப்பாகவே இருக்கிறது. விதியைத் தளர்த்தியவர்கள் மரபை அழிக்கவில்லை என்பதைக் காலம் காட்டிவிட்டது.

2003இல் அமெரிக்கச் சபை தன்பால் உறவில் வெளிப்படையாக வாழ்ந்த ஒருவரைப் பேராயராக்கியபின் எழுந்த பிளவை ஆற்ற, எல்லா நாட்டுச் சபைகளும் கையெழுத்திடத்தக்க உடன்படிக்கை ஒன்று வரையப்பட்டது. இங்கிலாந்துச் சபையின் திருமண்டலங்களுள் பெரும்பாலானவை 2012இல் அதை நிராகரித்தன. எழுத்துவழி உடன்பாட்டால் இம்மரபு என்றுமே கட்டப்பட்டதில்லையாதலால் அத்தோல்வி வியப்புக்குரியதன்று. அதைவிடக் கவலைக்குரியது 2022ஆம் ஆண்டு லாம்பெத் மாநாட்டில் நேர்ந்தது: நைஜீரியா, உகாண்டா, ருவாண்டா நாட்டுப் பேராயர்கள் வரவேயில்லை, வந்தவர்களுள்ளும் ஒரு பகுதியினர் மற்றவர்களோடு சேர்ந்து திருவிருந்தில் பங்குகொள்ள மறுத்தனர். கருத்து வேற்றுமையைத் தாங்குவதற்கென்றே அமைந்த ஒரு சபையில், எந்தக் கோட்பாட்டுப் பூசலையும்விட இந்த மறுப்பே ஆழமான காயம்.