சம்பளமும் காதலும்

விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலக் குடும்பங்களைப் பற்றி எழுதப்படும் காதல் நாவல்களிலே, கைதேர்ந்த சமையற்காரி ஒருத்தி தன் எஜமானின் உள்ளத்தை வென்று அவ்வீட்டுக்கே தலைவியாகும் கதைக்கு எப்பொழுதும் வாசகர் உண்டு. கீழே அடுப்பங்கரையில் அவள் வேகிறாள். மேலே விருந்து மண்டபத்தில் அவன் உண்கிறான். ஒரு நாள் உணவின் சுவை அவன் நெஞ்சைத் தொடுகிறது. இதைச் சமைத்த கை யாருடையது என்று கேட்கிறான். அப்புறம் கண்ணீர், பிரிவு, ஈற்றில் மணவிழா. புத்தகத்தை மூடும்பொழுது நமக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஏழைப் பெண்ணொருத்தி உயர்ந்தாள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆயினும் எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. ‘என்னை மணப்பாயா?’ என்று அவன் கேட்ட அவ்வேளையிலே, ‘மாட்டேன்’ என்று சொல்ல அவளால் முடிந்திருக்குமா? முடியாதென்றால், அவள் சொன்ன ‘சரி’ என்ற சொல்லுக்கு மதிப்பு யாது?

நான் தோட்டக் காரியாலயத்திலே சம்பள ஏடு எழுதிப் பிழைக்கும் கிராணி. ஆகையால் யாரேனும் காதலைப் பற்றிப் பேசினாலும் என் மனம் முதலில் சம்பளத்தையே தேடுகிறது. தொழிற்குற்றம், நேயர்கள் பொறுப்பார்களாக. 1861 ஆம் ஆண்டில் பீட்டன் அம்மையார் வெளியிட்ட குடும்ப நிர்வாக நூலிலே வேலைக்காரர் சம்பள அட்டவணை ஒன்று உண்டு. அதன்படி சமையற்காரிக்கு ஆண்டொன்றுக்கு 14 முதல் 30 பவுன். தேயிலை, சர்க்கரை, பீர் இவற்றுக்குத் தனிப்படி கொடுப்பதானால் 12 முதல் 26 பவுன். எல்லா வேலைகளையும் ஒருத்தியே செய்யும் பணிப்பெண்ணுக்கு 9 முதல் 14 பவுன். ஆண்பிள்ளையாகிய பட்லருக்கோ 25 முதல் 50 பவுன். பெரிய வீடுகளில் சமையற்காரி மணமாகாதவளாயினும் அவளை ‘மிஸஸ்’ என்று அழைப்பது அக்கால வழக்கம். பட்டம் கொடுப்பதற்குச் செலவில்லை அல்லவா?

சம்பளத்தைவிடப் பெரிய விலங்கொன்றும் இருந்தது. அதுவே நற்சான்று. பழைய எஜமானியிடமிருந்து நற்சான்று பெறாதவளுக்குப் புதிய வீட்டுக் கதவு எளிதில் திறவாது. அச்சான்றைக் கொடுத்தே தீரவேண்டும் என்று எந்தச் சட்டமும் எஜமானரைக் கட்டுப்படுத்தவில்லை. வேலை போனால் சம்பளத்தோடு உணவும் போயிற்று, உறங்கும் கட்டிலும் போயிற்று. 1891 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கிலே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 13 இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் பிறர் வீட்டு வேலையில் இருந்தார்கள். இந்நிலையிலுள்ள பெண்ணிடம் வீட்டுக்காரன் அன்பு கேட்கிறான். அவன் நல்லவனாகவே இருக்கட்டும். கேட்கும் வாயும் சம்பளம் கொடுக்கும் கையும் ஒருவனுடையவாக இருக்கும்பொழுது, அவள் காதில் விழுவது வேண்டுகோளா, கட்டளையா?

இங்கேதான் சமையற்காரியின் கைத்திறன் நம் ஆராய்ச்சிக்கு வருகிறது. நாவலாசிரியர்கள் அத்திறனைத் தூண்டிலாக்குகிறார்கள்; சூப்பின் மணத்திலே பிரபு சிக்குகிறார். உலக வாழ்விலே அதற்கு வேறொரு பயன் உண்டு. நன்றாகச் சமைக்கத் தெரிந்தவளுக்கு லண்டன் மாநகரில் எப்பொழுதும் கிராக்கி இருந்தது. ஒரு வீட்டில் மனம் நொந்தால் மற்றொரு வீட்டுக்குப் போகலாம். பாத்திரம் துலக்கும் சிறுமிக்கு அவ்வளவு வசதி இல்லை. அஃதாவது, அக்கைத்திறன் அவ்வீட்டை விட்டு வெளியேறுவதற்கு ஒரு வாயில். அவ்வாயில் திறந்திருந்தும் தங்கியவளைத்தான் விரும்பித் தங்கினாள் என்று நாம் கொள்ள முடியும்.

இவ்வுண்மையை நன்குணர்ந்த நாவலாசிரியை ஒருவர் உண்டு. சார்லட் பிராண்டி 1847 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஜேன் ஐர்’ என்னும் நாவலை ஆங்கிலப் பள்ளியிலே எங்களுக்குப் பாடமாக வைத்திருந்தார்கள். ஜேன் சமையற்காரியல்லள், பிரபுவின் வீட்டில் ஒரு சிறுமிக்குக் கல்வி கற்பிக்க ஆண்டுக்கு 30 பவுன் சம்பளத்துக்கு வந்தவள். ஆனாலும் சம்பளக்காரிதான். பிரபுவுக்கு உயிரோடு ஒரு மனைவி இருப்பதை அறிந்ததும், பிழைப்பைப் பாராமல் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். பின்னர் அவளைத் திரும்ப அழைத்து வந்து மணமுடித்து வைக்க நூலாசிரியை என்ன செய்கிறார்? சிற்றப்பன் சொத்தாக 20,000 பவுன் அவளுக்கு வருகிறது. அதை நான்காகப் பங்கிட்டு 5,000 பவுனோடு அவள் வருகிறாள். பிரபுவோ தீ விபத்தில் கண்ணும் ஒரு கையும் இழந்து கிடக்கிறார். பள்ளியில் படித்தபொழுது இது வெறும் சோகச் சுவை என்று எண்ணினேன். இப்பொழுது தோன்றுவது வேறு. எஜமானும் சம்பளக்காரியும் சரிநிகராக நிற்க வேண்டுமானால், அவளுக்குப் பணம் கொடுத்தும் அவனிடமிருந்து கண்ணைப் பறித்தும்தான் அந்நூலாசிரியையால் ஆயிற்று. கற்பனையிலேயே இத்தனை பாடு!

வாழ்க்கையில் நடந்தவற்றுள்ளும் பலர் மெச்சிப் பேசுவது ஸஸெக்ஸ் நாட்டு அப்பார்க் மாளிகைக் கதை. ஸர் ஹாரி பெதர்ஸ்டன்ஹா என்னும் சீமான் 1825 ஆம் ஆண்டில், தம் எழுபதாம் வயதைக் கடந்த பின், தம் பால்பண்ணையில் வேலை செய்த மேரி ஆன் புல்லக் என்னும் இளம்பெண்ணை மணந்தார். உடனே விடை சொல்ல வேண்டாம், சம்மதமானால் இரவு விருந்துக்கு வரும் ஆட்டுத்தொடையில் ஒரு துண்டு வெட்டி அனுப்பு என்று சீமான் சொன்னார் என்பதும், துண்டு வெட்டப்பட்டே வந்தது என்பதும் வழிவழி வரும் கதை. 1846 இல் சீமான் இறந்தபொழுது மாளிகை அம்மையாருக்கு உரிமையாயிற்று. 1874 வரை அவர் அங்கே வாழ்ந்தார். முடிவு நன்றே. ஆனால், துண்டு வெட்டாத தொடை மேசைக்கு வந்திருந்தால் மறுநாள் காலை பால் கறக்கும் இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று இக்கதையைச் சொல்பவர் எவரும் கேட்பதில்லை.

நிற்க. இப்பொருளைப் பற்றி ஒரு பணிப்பெண் தன் கையாலேயே எழுதி வைத்தது நமக்குக் கிடைத்திருக்கிறது. ஹன்னா கல்விக் என்பவர் 1833 மே 26 இல் ஷ்ராப்ஷயரில் உள்ள ஷிப்னல் என்னும் ஊரில் பிறந்தார். சிறுமியாகவே வேலைக்குப் போய், பாத்திரம் துலக்குதல், பிள்ளை பார்த்தல், சமையல், எல்லா வேலையும் ஒருங்கே செய்தல் என்று பல வீடுகளில் உழைத்தவர். பணிப்பெண்ணை ‘அவர்’ என்று எழுதுகிறானே என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவரை மணந்த கனவானை ‘அவர்’ என்று எழுதப் போகும் கை, இவருக்கு மட்டும் ஏன் குறைக்க வேண்டும்?

அக்கனவான் ஆர்தர் மன்பி. கேம்பிரிட்ஜில் படித்தவர், வக்கீல் பட்டம் பெற்றும் அத்தொழிலை வெறுத்து, திருச்சபைச் சொத்து நிர்வாகக் காரியாலயம் ஒன்றில் 1888 வரை எழுத்து வேலை பார்த்தவர். அவரும் என் இனந்தான் என்று சொல்லிக்கொள்ளலாம், சம்பளத்தில் அன்று. உழைக்கும் பெண்களோடு தெருவில் நின்று பேசி, அவர்கள் வாழ்க்கையைக் குறித்து வைப்பது அவர் வழக்கம். 1854 ஆம் ஆண்டு, ஹன்னாவின் பிறந்தநாளன்றே, லண்டன் தெருவில் இருவரும் சந்தித்தனர். அவ்வன்பு 18 ஆண்டுகள் மறைவில் வளர்ந்தது. அவர் வேண்டியபடி ஹன்னா நாள்தோறும் தம் வேலைகளை எழுதினார்: கணப்பு மூட்டியது, படிக்கட்டுத் தேய்த்தது, துலக்கிய சப்பாத்துக்கள் எத்தனை என்ற எண்ணிக்கை உட்பட.

அந்நாட்குறிப்புகளில் படிப்பவர் உள்ளத்தைக் கலக்கும் செய்திகளும் உண்டு. கழுத்திலே பூட்டிட்ட ஒரு சங்கிலியை ஹன்னா அணிந்தார். திறவுகோல் மன்பியிடம் இருந்தது. மணிக்கட்டிலே தோல்வார். அடிமைகள் தம் ஆண்டையை அழைத்த ‘மாஸா’ என்ற சொல்லாலேயே அவரை அழைத்தார். பிரிட்டிஷ் பார்லிமெண்டிலே அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய அதே 1833 இல் பிறந்த பெண்! மானமுள்ள எவருக்கும் இது கசக்கும். எனக்கும் கசந்தது. ‘இது காதலன்று, அடிமைத்தனம்’ என்று ஒரே வரியில் எழுதி இக்கட்டுரையை முடித்துவிடலாம் என்றும் எண்ணினேன்.

முடிக்க விடாமல் தடுப்பவர் ஹன்னாவே. அந்தப் பதினெட்டு ஆண்டுகளிலும் அவர் மன்பியின் சம்பளத்தில் வாழவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். அவருக்குச் சோறு போட்டது வேறு வீடுகளில் அவர் செய்த உழைப்பு. மன்பியோடு மனம் வேறுபட்டால் இழப்பது மன்பியை மட்டுமே. இரவு உறங்கும் கட்டிலை இழக்க வேண்டியதில்லை. சங்கிலியின் திறவுகோல் அவரிடம் இருந்தது மெய். வயிற்றின் திறவுகோல் ஹன்னாவிடமே இருந்தது. அப்பெண் சங்கிலியை அணிந்த காரணம் எனக்கு இன்னும் முழுதும் விளங்கவில்லை. ஆயினும், அணியும்படி செய்தது பசியன்று என்பதை மறுக்க முடியவில்லை.

1872 இல் நிலைமை மாறிற்று. லண்டன் டெம்பிள் பகுதியிலே பிக் டிரீ கோர்ட் என்னுமிடத்தில் இருந்த மன்பியின் இல்லத்துக்கே ஹன்னா வேலைக்காரியாக வந்தார். 1873 ஜனவரி 14 இல் இரகசியமாக விவாகம் நடந்தது. விவாகப் பத்திரத்தைக் கண்டு அவர் துள்ளிக் குதிக்கவில்லை. தங்கள் அன்புக்கும் அந்தக் காகிதத்துக்கும் தொடர்பு குறைவு என்ற கருத்தையே எழுதி வைத்தார். கல்விக் என்ற தம் பெயரை மாற்றவில்லை. தம் சேமிப்பைத் தாமே வைத்துக்கொண்டார். மணமான பெண் உழைத்துப் பெறும் கூலி அவளுக்கே உரியது என்ற சட்டம் இங்கிலாந்தில் வந்தது 1870 இல்தான். மற்றச் சொத்துக்களுக்கும் அவ்வுரிமை கிடைக்க 1882 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

சீமாட்டியாக வாழும்படி கணவர் அழைத்தும் அவர் இசையவில்லை. மணமான ஆண்டில் பிரான்ஸுக்கு இருவரும் சென்றபொழுது கையுறையும் சீமாட்டி உடையும் தரித்தார். அவை அவருக்குச் சிறை போலிருந்தன. பணிப்பெண்ணாக இருந்தால் நினைத்த இடத்துக்குத் தனியே நடக்கலாம், மனத்தில் பட்டதைப் பேசலாம். சீமாட்டிக்கு அது முடியாது. நம்முள் எத்தனை பேர் உயர்வு என்றால் உடை மாற்றம் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறோம்!

மன்பியின் மீது எனக்கு ஒரு குறை உண்டு. உழைக்கும் பெண்ணின் கையை உலகத்தில் உயர்ந்ததென்று போற்றிய அவர், அக்கையைப் பற்றியிருப்பது தாமே என்பதை மிகச் சில நண்பர்களுக்கன்றி வெளியிடவில்லை. விருந்தினர் வந்தால் மனைவி பரிமாறும் வேலைக்காரி. இவ்வேற்பாட்டை ஹன்னாவும் விரும்பினார் என்று சொல்வர். இருக்கலாம். ஆனால், வெளியே சொன்னால் மன்பிக்குப் போவது மதிப்பு. அதைக் காப்பாற்றும் பாரம் முழுவதும் அடுப்பங்கரையில் நின்றவர் தோளிலே இருந்தது.

பிறர் வீட்டுச் சம்பளத்தில் வாழ்ந்தபொழுது 18 ஆண்டு தாங்கிய அன்பு, சம்பளமும் தாம்பத்தியமும் ஒரே கையிலிருந்து வரத் தொடங்கிய பின் ஐந்தாண்டுகூட ஒரு கூரையின் கீழ் தாங்கவில்லை. மனத்தாங்கல் முற்றி, 1877 இல் ஹன்னா அவ்வீட்டை விட்டுப் போய்விட்டார். போக அவரால் முடிந்தது. உழைக்கும் கையும், சொந்தச் சேமிப்பும், மாற்றாத பெயரும் அவரிடம் இருந்தன. போனவரை மன்பியும் கைவிடவில்லை. 30 ஆண்டுகளுக்கு மேலாக ஷ்ராப்ஷயருக்குப் போய்ப் போய் அவரைக் கண்டு வந்தார். ஹன்னா 1909 ஜூலையில் ஷிப்னலில் இறந்தார். மன்பி 1910 ஜனவரியில் இறந்தார். விவாகச் செய்தி அவருடைய உயில் வழியாகவே ஊரறிய வெளிப்பட்டது. இருவர் நாட்குறிப்புகளும் அடங்கிய பெட்டிகளைக் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரிக்கு அளித்து, 1950 வரை திறக்கலாகாது என்று அவர் விதித்திருந்தார். அதன்படியே அவை 1950 இல் திறக்கப்பட்டன.

மன்பி ஷ்ராப்ஷயருக்குச் சென்ற நாட்களைப் பற்றித்தான் நான் அடிக்கடி எண்ணுகிறேன். அங்கேயும் ஹன்னா அவருக்குச் சமைத்துப் போட்டிருப்பார். ஆனால் அங்கே, கதவைத் தட்டிவிட்டு வெளியே காத்திருக்க வேண்டியவர் மன்பி.